காம்பவுண்ட் வில்லின் நீளம் குறியின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறதா?

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்வித்தை முதன்முறையாக, கலப்பு அணிப் பிரிவில் இடம்பெறுகிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. இதனால் இவ்விளையாட்டில் புதிதாகச் சேரும் இளம் வீரர்கள் எவ்வளவு நீளமான வில்லைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் உள்ளன. அவற்றின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமே வில்லின் நீளமாகக் கணக்கிடப்படுகிறது. போட்டி வில்கள் பொதுவாக 36 முதல் 40 அங்குலம் வரையிலும், வெளிநாடுகளில் பயன்படுத்தப்படும் வேட்டை வில்கள் 28 முதல் 33 அங்குலம் வரையிலும் இருக்கும்.

நீளமான வில்லின் நன்மை என்ன?

வில் நீளமாக இருந்தால் அதன் எடை கைப்பிடியிலிருந்து விலகி இரு முனைகளை நோக்கிப் பரவுகிறது. ஆகவே, கை சற்று நடுங்கினாலும் வில் எளிதில் பக்கவாட்டில் சாய்வதில்லை; மேலும் கீழுமாக அசைவதும் குறைகிறது. நாணை முழுமையாக இழுக்கும்போது உருவாகும் கோணமும் விரிவாக இருப்பதால், நாணில் உள்ள பார்வைத் துளை கண்ணுக்கு அருகில் அமைகிறது. குட்டையான வில்லில் அக்கோணம் குறுகுவதால், துளையை நோக்கி வீரர் தலையைச் சாய்க்க நேரிடலாம்.

போட்டிகளில் இலக்கு 50 மீட்டர் தொலைவில் வைக்கப்படுகிறது. 10 புள்ளி வட்டத்தின் விளிம்பு மையத்திலிருந்து 4 செ.மீ. தூரமே உள்ளது. கோணக் கணக்கில் இது 0.05 டிகிரிக்கும் குறைவு. எனவே சிறு அசைவும் புள்ளியைப் பறித்துவிடும்.

நீளம் மட்டும் போதுமா?

போதாது. நீளமான வில் சிறு பிழைகளின் விளைவைக் குறைக்குமே தவிர, தவறான பயிற்சியைத் திருத்தாது. வில் இடவலமாகத் திரும்புவதைத் தடுப்பதில் நீளத்தைவிட, கைப்பிடியைப் பற்றும் முறைக்கும் முன்புறம் பொருத்தப்படும் நிலைப்படுத்தும் தண்டுக்கும் பங்கு அதிகம். வில்லின் எடையும் வீரரின் தோள்வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, நாணை இழுக்கும் நீளம் வீரரின் உடலுக்குப் பொருந்த வேண்டும். இரு கைகளையும் விரித்த நிலையில் விரல் நுனி முதல் விரல் நுனி வரையுள்ள அளவை 2.5 ஆல் வகுத்தால் தோராயமான இழுநீளம் கிடைக்கும். கைவிரிப்பு 170 செ.மீ. எனில், இழுநீளம் சுமார் 68 செ.மீ., அதாவது 27 அங்குலம். வளரும் வயதினருக்கு இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், விலை உயர்ந்த வில்லை வாங்குவதற்கு முன் பயிற்சியாளரிடம் மீண்டும் அளந்து பார்ப்பது அவசியம்.