பாலராமபுரத்துப் பாவு

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது; அடுத்திருந்த பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அவ்வெல்லைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பாலராமவர்மர் திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் (1798–1810), தளவாய் உம்மிணித் தம்பி தென்தமிழகச் சாலியர் குடும்பங்களை நெய்யாற்றின்கரையை அடுத்துக் குடியேற்றினார். மன்னர் பெயரால் அவ்வூர் பாலராமபுரம் ஆயிற்று.

அவர்கள் கொண்டுவந்த பெருஞ்செல்வம், நூலைப் பதப்படுத்தும் அறிவே என்போம். பஞ்சைக் கொட்டிச் சிக்கெடுத்து, இழையாக நீட்டி முறுக்கினால் நூல். இன்று அதனை ஆலையே செய்துவிடுகிறது. நூறாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு எடைக்கு 84,000 கெஜம் ஓடும்! அத்துணை மெல்லிழை, தறியின் உராய்வுக்கு அப்படியே தாங்குமா? ஆகவே விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, அரிசிக் கஞ்சி ஊட்டி, பாவாற்றியால் நீவி நீவி, இழையின் மேல் எழும் சிலும்பலைப் படியவைப்பர். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இல்லையேல் கஞ்சி இறுகி இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஊடைக்கு இத்துணைப் பாடில்லை.

‘கேரளச் சேலை’ என்று நாம் வாங்கும் வெண்துகிலில் இத்தெருக்களின் உழைப்பும் உண்டு. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இளையோர் வேறு தொழில் நாடியதால், விடியலில் பாவு பிடிக்கத்தான் ஆள் குறைந்துவருகிறது.