கயிற்றை இழுக்கப் பயந்தவர்கள்

 பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தன் மெஷினில் இருந்து வரும் பாகங்களில் கீறல் விழுவதைப் பார்த்திருக்கிறான். சொன்னால் திட்டு விழுமே என்று ஷிப்ட் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வந்த ஜப்பானிய அதிகாரி, கீறல் யாரால் விழுந்தது என்று கேட்கவே இல்லையாம். "பார்த்ததும் ஏன் நிறுத்தவில்லை?" என்றுதான் கேட்டாராம்.

"நீ என்னடா சொன்னே?" என்றேன்.

"பயமா இருந்துச்சுன்னேன். நம்ம கிளாஸ்லயே பழகினதுதானே டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'ஜப்பான்காரன் பண்பாடு அப்படி, நம்ம பண்பாடு இப்படி' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. இரண்டு மாதமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் ஒரு வரலாற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

கதை ஒரு தறியில் தொடங்குகிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். தறிகளைச் செம்மைப்படுத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையோடு ஓடினால் துணி வீண். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய மகன் கீச்சிரோ 1937-ல் தொடங்கியதுதான் டொயோட்டா கார் கம்பெனி. தப்பு தெரிந்தால் உடனே நிறுத்து என்ற தறியின் பாடம் அங்கேயும் போனது. தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கயிறு. ஏதாவது கோளாறு தெரிந்தால் இழுக்கலாம். விளக்கு எரியும், தலைவர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் முழு லைனும் நிற்கும். அந்த விளக்குப் பலகைக்கு 'ஆண்டான்' என்று பெயர். பழைய ஜப்பானில் காகிதக் கூண்டு விளக்குக்குச் சொன்ன பெயர் அது.

ஜப்பானியர் பிறவியிலேயே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1950-ல் இதே டொயோட்டா கடனில் மூழ்கி, ஆட்குறைப்பு அறிவித்து, பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. பொறுப்பேற்றுக் கீச்சிரோ தலைவர் பதவியை விட்டே விலகினார். தரம் பற்றி ஜப்பானியருக்கு வகுப்பெடுக்க எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர் வந்ததும் அதே 1950-ல்தான். 1962-ல்தான் சங்கமும் நிர்வாகமும் ஒருவரை ஒருவர் நம்பி நடப்பது என்று கூட்டாக அறிக்கை வெளியிட்டன. அடிபட்டுக் கற்றுக்கொண்ட பண்பாடுதான் அது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. நாட்டிலேயே மோசமான ஆலை என்று பெயரெடுத்தது. ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றுவிடுவார்கள். நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் தெரியும்: என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. தப்போடு வண்டி போனாலும் போகட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 1982-ல் ஆலையை மூடிவிட்டார்கள்.

1981 முதல் ஜப்பானியக் கார்களின் அமெரிக்க ஏற்றுமதிக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று வரம்பு வந்தது. அதனால் அங்கேயே தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை டொயோட்டாவுக்கு. சின்னக் காரை ஒழுங்காகச் செய்யக் கற்க வேண்டிய நிலை ஜெனரல் மோட்டார்ஸுக்கு. இரண்டும் கூட்டுச் சேர்ந்து 1984-ல் அதே ஃப்ரீமாண்ட் ஆலையைத் திறந்தன. புதுப் பெயர் நும்மி. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். சங்கமும் அதேதான். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிச் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

அங்கே அவர்களை அசர வைத்தது அந்தக் கயிறுதான். ஒரு சாதாரணத் தொழிலாளி இழுக்கிறான். யாரும் திட்டவில்லை. உதவிக்கு ஆள் வருகிறது.

திரும்பி வந்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் ஜப்பானில் செய்ததற்கு இணையான தரத்தில் கார் செய்தார்கள். முன்பு நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வராத ஆலையில் இப்போது இரண்டு மூன்று பேர்தான் வரவில்லை. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே உணவுக்கூடம். விற்பனை சரிந்த காலத்திலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சிக்கு அனுப்பினார்கள். தப்பைச் சொன்னால் வேலை போகாது என்று அப்போதுதான் நம்பியிருப்பார்கள்.

ஹாஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து அறிஞர் 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் லட்சத்துக்கு மேற்பட்ட வினாத்தாள்களில் பதில் வாங்கினார். மேலதிகாரிக்கும் கீழே உள்ளவருக்கும் உள்ள தூரத்துக்கு நாடுவாரியாக மதிப்பெண் போட்டார். இந்தியா 77, ஜப்பான் 54, அமெரிக்கா 40. தூரம் குறைந்த நாடு அமெரிக்காதான். ஆனால் லைனை நிறுத்தப் பயந்தவர்கள் யார்? அந்த அமெரிக்கர்கள்தானே! அந்த மதிப்பெண் பொய் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு நாடு பழக்கம் மாறுவது உண்மைதான். ஆனால் தப்பைச் சொன்னவனுக்கு என்ன நடக்கிறது என்பதை அந்தந்த இடத்துத் தலைவர்கள் மாற்றினால், ஆட்களும் மாறுகிறார்கள். ஃப்ரீமாண்டில் அதுதான் நடந்தது.

முழுக்க இனிப்பான முடிவு இல்லை. தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகள் திணறியது. 2009-ல் அது திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரலில் நும்மியும் மூடப்பட்டு 4,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இப்போது அந்த இடத்தில் டெஸ்லா.

இனி என் கதை. ஆசிரியர் பயிற்சியில், மாணவரைக் கேள்வி கேட்கத் தூண்ட வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்பேன். நாற்பது குரல் "புரிஞ்சுது டீச்சர்!" என்று ராகம் போடும். அதையே என் வெற்றி என்று நினைத்துப் பாடத்தை நகர்த்தினேன். ஒருநாள் பின்னக் கணக்கு. ஒரு பையன் எழுந்து, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஏன் ஐந்தில் இரண்டு இல்லை என்று கேட்டான். விளக்கினேன். இரண்டாம் முறை கேட்டான். "கவனம் எங்கடா இருந்துச்சு?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் கை தூக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தவன்தான் அந்தப் பையனா? எனக்கு முகம் நினைவில்லை. அவனிடம் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. யாராக இருந்தாலும், இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு அப்பா. உன் கேள்வி நல்ல கேள்வி.

உங்களில் பலர் இன்று சூப்பர்வைசர், டீம் லீடர், சிலர் ஆசிரியர். வீட்டில் எல்லோரும் அப்பா அம்மா. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "எங்கே புரியல?" என்று கேளுங்கள். பதில் வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

இந்தப் பதிவில் ஏதாவது பிழை இருந்தால் தயங்காமல் கமெண்டில் சொல்லுங்கள். இந்த முறை திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்