தேர் போல இழுத்த படகு

1891 அக்டோபர் 10, சனிக்கிழமை. மான்செஸ்டர் பஞ்சாலைகளின் ஊர். கடல் அங்கிருந்து வெகு தொலைவு. அன்று அந்த ஊர் வீதிகளில் கடல் மீட்புப் படகுகள் ஊர்வலம் வந்தன. முன்னும் பின்னும் வாத்தியக் கோஷ்டிகள், அலங்கார வண்டிகள். மாடி ஜன்னல்களில் நின்று பார்த்தவர்களும் காசு போட வேண்டுமே என்று நீளக் கழிகளின் நுனியில் பையைக் கட்டி மேலே நீட்டினார்கள். வசூல் 5,000 பவுண்டைத் தாண்டியது. தேரோட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இங்கிலாந்துக்கு அது புதிது. தெருவில் இறங்கிப் பொதுமக்களிடம் கொடை திரட்டும் வழக்கம் இந்தச் சனிக்கிழமையில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள்.

அந்த ஊர்வலத்துக்குப் பின்னால் 27 சாவுகள் இருந்தன.

1886 டிசம்பர் 9 இரவு. லிவர்பூலிலிருந்து தென் அமெரிக்காவின் குவாயாகில் துறைமுகத்துக்குக் கிளம்பிய ‘மெக்சிகோ’ என்ற ஜெர்மானியப் பாய்மரக் கப்பல், சவுத்போர்ட் அருகே மணல்திட்டில் தட்டி நின்றது. சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ், லிதம் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் துடுப்புப் படகுகள் புயலில் இறங்கின. சவுத்போர்ட் படகு கவிழ்ந்து 16 பேரில் 14 பேர் மாண்டார்கள். செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. லிதம் படகுக்கு அதுதான் முதல் மீட்புப் பயணம். கப்பலில் இருந்த 12 பேரையும் அது உயிரோடு கரை சேர்த்தது. பன்னிரண்டு பேரைக் காக்கப் போய் இருபத்தேழு பேர் மடிந்த கணக்கை எப்படிப் போட்டாலும் மனம் ஆறாது. பிரிட்டன் மீட்புப் படகு வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு பெரிய இழப்பு வேறில்லை.

செயின்ட் ஆன்ஸில் குடியிருந்த பஞ்சாலை முதலாளி சார்லஸ் மக்காரா, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்டும் வேலையில் இறங்கினார். அப்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது: தேசிய மீட்புப் படகு அமைப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய செல்வந்தர்களின் நன்கொடையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சர் வில்லியம் ஹில்லரி முன்னெடுத்து 1824-இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கிப் பார்த்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டது. அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளியும் ஒரு பென்னி போடட்டும் என்பது மக்காராவின் விடை. அதற்குப் படகு அவன் தெருவுக்கே போக வேண்டும். அந்த ஊர்வலத்துக்கு மறு வருடம் அவர் மனைவி மரியன் பெண்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். சனிக்கிழமை விழா ஊர் ஊராகப் பரவியது. மீட்புப் பணியில் பாதி விழா வேலை என்ற ஏற்பாடு அங்கே வேர் பிடித்தது, இன்றுவரை மாறவில்லை.

வேடிக்கை காட்டுவதற்காக இல்லாமல், உண்மையாகவே படகை வீதியில் இழுத்த இரவும் உண்டு. 1899 ஜனவரி 12. லின்மத் ஊரில் அலை அடித்த அடியில் படகைக் கடலில் இறக்க முடியவில்லை. 18 குதிரைகளும் சுமார் நூறு பேரும் சேர்ந்து, செங்குத்தான கவுண்டிஸ்பரி மேட்டின் மேலே 21 கிலோமீட்டர் தூரம் இழுத்துப் போனார்கள். வழி குறுகிய இடத்தில் சுவரை இடித்தார்கள், மரத்தை வெட்டினார்கள். விடியற்காலையில் போர்லாக்கில் படகை இறக்கி, ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டு, புயலில் தவித்த ‘ஃபாரஸ்ட் ஹால்’ கப்பலின் 18 பேரையும் காப்பாற்றினார்கள். நூறாண்டு கழித்து, 1999-இல், ஊரார் அந்தப் பயணத்தை மறுபடி நடத்திக் காட்டினார்கள்.

அந்தக் காலத்துப் படகோட்டிகள் பெரும்பாலும் மீனவர்கள். அவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. தினப்படித் தொழிலே பயிற்சி. குரோமர் ஊரின் ஹென்றி பிளாக் நண்டு பிடித்தார், கோடையில் கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விட்டார். 53 வருடச் சேவையில் அவரும் அவர் குழுவும் காப்பாற்றிய உயிர்கள் 873. பிளாக்குக்கு நீச்சல் தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடலின் முகம் மாறியது. பிழைப்புக்காக இறங்கியவர்கள் குறைந்தார்கள். சனி, ஞாயிறுகளில் பொழுதுபோக்காகச் சிறு பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் பெருகினார்கள். ஆபத்தும் கரைக்கு நெருங்கி வந்தது. அதற்கென்று 1963-இல் காற்றடைத்த சிறு படகுகள் சேவையில் சேர்ந்தன. அடுத்த பாய்ச்சல் ஒரு பள்ளியிலிருந்து வந்தது. வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் மாணவர்கள் படகு ஓட்டப் பழகினார்கள். அவர்களுக்குக் காவலாக வரும் படகைத் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் பல வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். கெட்டியான அடித்தளமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட, இன்று உலகெங்கும் ஓடும் படகு அப்படித்தான் உருவானது. அதன் காப்புரிமையை ஹோர் மீட்பு அமைப்புக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். அதே கல்லூரியில் படித்த நார்வே மாணவி எலிசபெத் ஹோஸ்ட்வெட், 1969-இல், 18 வயதில், கரையோர மீட்புப் படகை நடத்தும் தகுதி பெற்ற முதல் பெண் ஆனார். பொழுதுபோக்கும் மீட்புப் பயிற்சியும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்று மீட்புக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் கடல் தொழில் அனுபவம் உண்டு. மற்றவர்கள் ஆசிரியர், தச்சர், கடைக்காரர். அவர்கள் தங்கள் ஊர்த் துறையிலேயே வாரந்தோறும் பழகுகிறார்கள். 2004-இல் பூல் நகரில் திறந்த பயிற்சிக் கல்லூரியின் குளத்தில், செயற்கை அலைக்கும் இருட்டுக்கும் நடுவே கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கற்கிறார்கள். பேஜர் ஒலித்தால் பத்து நிமிடத்துக்குள் படகு இறங்க வேண்டும் என்பது இலக்கு. ஆகவே, சொந்தப் படகை எடுத்துக்கொண்டு தொலைவு போகும் ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் முறை போட்டுப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோடைத் துறைமுகத் திருவிழாவில் உண்டியல் குலுக்குபவர்களில் அவர்களும் உண்டு.

கார்ன்வாலில் மௌசல் என்ற சின்னஞ்சிறு மீனவ ஊர் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பேர்போனது. 1981 டிசம்பரில் அந்த விளக்குகளை ஏற்றி வைத்தவர் மதுவிடுதி நடத்திய சார்லி கிரீன்ஹாஃப். இரண்டு நாள் கழித்து, 19-ஆம் தேதி இரவு, சூறாவளியில் தவித்த ‘யூனியன் ஸ்டார்’ கப்பலை நோக்கி ‘சாலமன் பிரவுன்’ மீட்புப் படகு கிளம்பியது. ஒரு குடும்பத்திலிருந்து இருவர் வேண்டாம் என்று தலைவர் ட்ரெவலியன் ரிச்சர்ட்ஸ் ஒரு பதினேழு வயதுப் பையனைக் கரையில் நிறுத்திவிட்டு, அவன் அப்பாவை அழைத்துப் போனார். கப்பலிலிருந்து நாலு பேரை ஏற்றிவிட்டதாக வானொலியில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. படகில் போன எட்டுப் பேரும் கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் கிரீன்ஹாஃபும் ஒருவர்.

ஒரு நாளுக்குள், புதிய குழு அமைக்கப் போதுமான ஆட்கள் அந்த ஊரிலிருந்தே பெயர் கொடுத்தார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட அந்தப் பையன் நீல் பிராக்மன் பின்னாளில் மீட்புப் படகின் தலைவர் ஆனார். அணைந்து கிடந்த விளக்குகளை மூன்றாம் நாள் மறுபடி ஏற்றச் சொன்னவர் கிரீன்ஹாஃபின் மனைவி மேரி. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் மௌசல் துறைமுகம் ஒளிர்கிறது. 19-ஆம் தேதி மட்டும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் விளக்குகளை அணைத்து வைக்கிறார்கள்.