எதிரிக்கு உதவிய சித்திரம்?

யுத்தகாலக் கேலிச்சித்திரங்கள் என்றதும் எதிரியை மிருகமாக வரைந்தவையே நினைவுக்கு வருகின்றன. அவற்றை எந்த அரசும் தடுப்பதில்லை. சிக்கல், ஓவியர் தன் பக்கத்தைப் பார்த்து வரையும்போதே எழுகிறது.

1942 மார்ச். சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அட்லாண்டிக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. அப்போது லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் பிலிப் ஸெக்கின் படமொன்று வெளியாயிற்று. நடுக்கடலில் ஒரு மிதவை. அதைப் பற்றிக்கொண்டு கிடக்கும் ஒரு மாலுமி. கீழே, பெற்றோல் விலை ஒரு பென்னியால் கூட்டப்பட்டதென்ற உத்தியோகபூர்வ அறிவிப்பு.

பெற்றோலை வீணாக்காதீர்கள், அதற்காக மனிதர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதே ஸெக் சொல்ல வந்தது. அரசாங்கமோ, மாலுமிகளின் உயிரை வைத்து யாரோ இலாபம் பார்க்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டுவதாக அதை வாசித்தது. சேர்ச்சில் சினந்தார். உள்துறை அமைச்சர் ஹேர்பேட் மொரிசன், பாதுகாப்பு ஒழுங்குவிதி 2டி-யின் கீழ் பத்திரிகையை மூடநேரிடும் என எச்சரித்தார். இது வெறும் மிரட்டலல்ல. அதே விதியின் கீழ் 1941 ஜனவரியில் கம்யூனிஸ்டுகளின் 'டெய்லி வேர்க்கர்' மூடப்பட்டிருந்தது. உளவுத்துறை ஸெக்கின் பின்னணியைத் துருவியது. அவரோ, சார் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதத் தையற்காரர் ஒருவரின் மகன். ஹிட்லரை ஓயாது சாடியவர்.

யுத்தத்தில் மக்களின் மனவுறுதி முக்கியம் என்ற வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மாலுமிகள் மடிந்துகொண்டிருந்தது உண்மை. படம் உண்மையைச் சொல்கிறதா என்பதைவிட, அது யாருக்கு உதவும் என்பதே அமைச்சரின் கேள்வியாயிருந்தது.

மார்ச் 26இல் பாராளுமன்றம் இதை விவாதித்தது. அனயூரின் பெவன் போன்றோர், யுத்தத்தின் நடுவிலேயே, அமைச்சரின் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தனர். பத்திரிகை மூடப்படவில்லை. ஆயினும் அதன் குரல் தணிந்தது. அதன் பத்தி எழுத்தாளர் 'கசாண்ட்ரா' இராணுவத்தில் சேர்ந்துவிட்டார்.

1945 ஜூலை 5, தேர்தல் நாளன்று, 'மிரர்' தன் முதற்பக்கத்தில் ஸெக்கின் இன்னொரு படத்தைப் பிரசுரித்தது: வென்றெடுத்த சமாதானத்தை மீண்டும் தொலைத்துவிடாதீர்கள் என்று கையளிக்கும் காயம்பட்ட சிப்பாய். தேர்தலில் வென்றது தொழிற்கட்சி. அதன் தலைவர்களில் ஒருவர் மொரிசன்!

பத்திரிகை தப்பியது அரசின் பெருந்தன்மையால் அல்ல. 'எதிரிக்கு உதவுகிறாய்' என்ற குற்றச்சாட்டையே கேள்விக்குட்படுத்த அங்கு ஒரு சபை இருந்தது. எம்மிடையே 'துரோகி' என்ற சொல் விழுந்தபோது, அதற்கெதிராக முறையிட எந்தச் சபை இருந்தது?