கண்ணீரை அளந்தவர்கள்

கண்ணீர் மூளையிலிருந்து கசிகிறது என்ற கருத்து ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் 1662இல் கண்ணீர்ச் சுரப்பியை விவரித்து அதைத் தகர்த்தார். 1666இல் ஹைன்ரிஷ் மைபோம் இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெயே.

கண் வறட்சியை அளக்க வழி கிடைத்தது 1903இல்தான். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் கீழிமையில் வடிதாள் துண்டைச் செருகி, அதில் ஈரம் ஏறும் நீளத்தைக் கணக்கிட்டார். இன்றும் அதே சோதனைதான். ஐந்து நிமிடத்தில் 5 மி.மீ.கூட நனையாவிட்டால் வறட்சி கடுமையானது.

ஸ்வீடனின் ஹென்ரிக் ஷேக்ரன் இன்னும் ஆழமாகச் சென்றார். கண் உலர்ந்த 19 பெண்களை ஆராய்ந்து 1933இல் ஆய்வேட்டை வெளியிட்டார். அவர்களில் பலருக்கு வாயும் உலர்ந்திருந்தது, மூட்டுகள் வீங்கியிருந்தன. கண்ணின் குறையாகத் தோன்றியது உடல் முழுவதற்குமான நோய் என்று அவர் கண்டது பெரும் சாதனை. ஆயினும் அந்த ஆய்வேடு அவருக்குப் பல்கலைக்கழக ஆசிரியத் தகுதியைப் பெற்றுத் தரவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் 1943இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகே உலகம் கவனித்தது.

சிகிச்சை வெகுகாலம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு நின்றது. வறட்சிக்குப் பின்னால் அழற்சி இருப்பது புலப்பட்டதும், அதைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு 2002இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.