மென்பொருள் அணிந்த ஆடைகள்

திருமறையின் ஓர் எழுத்தையேனும் மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் அதனைப் பிரதி செய்தோர், ஓரங்களில் இட்ட பூவேலையிலும், சூறாத் தலைப்புகளுக்குப் பூசிய பொன்னிலும், எழுத்தின் வடிவத்திலும் தத்தம் நாட்டின் கைவண்ணத்தைக் காட்டினர். மக்ரிபு நாட்டு எழுத்தும், இந்தியாவில் வழங்கிய பிஹாரீ எழுத்தும், துருக்கியரின் நஸ்கு எழுத்தும் பார்வைக்கு வேறு வேறானவை. அவை தாங்கி நிற்பதோ ஒரே இறைவாக்கு. உள்ளீடு மாறாதிருக்க, புறத்தோற்றம் மட்டும் மாறலாம் என்னும் இந்நியதி, சென்ற நூற்றாண்டின் இறுதியில் கணிப்பொறி உலகிலும் சில ஆண்டுகள் செழித்துப் பின்னர் மங்கிற்று. அவ்வரலாறு சிந்திக்கத் தக்கது.

1995 ஆகஸ்டில் மைக்ரோஸாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 வெளியானபோது, ‘பிளஸ்!’ என்ற துணைத் தொகுப்பையும் தனி விலைக்கு விற்றது. அதில் லியோனார்டோ டாவின்சி, இயற்கை, விளையாட்டு எனப் பல தலைப்புகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தால் பின்னணிப் படம், சின்னங்கள், சுட்டிமுள், ஒலிகள் யாவும் ஒருசேர மாறும். இதற்குத் ‘தீம்’ என்று பெயர்.

இதனினும் ஒருபடி முன்னே சென்றது வின்ஆம்ப். ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்கென 1997இல் அமெரிக்காவில் பிறந்த இம்மென்பொருள், அடுத்த ஆண்டிலேயே தன் மேனியைப் பயனர் விருப்பத்திற்கு விட்டுக்கொடுத்தது. அந்த மேலாடைக்குத் தோல் என்னும் பொருள்பட ‘ஸ்கின்’ எனப் பெயரிட்டனர். அதன் சூட்சுமம் எளியது. கட்டளைகள் ஒரு கோப்பில் இருக்கும். பொத்தான், எண், சட்டம் முதலியவற்றின் படங்களோ தனிக் கட்டாக இருக்கும். 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் கொண்ட அச்சிறு சட்டத்திற்குள், கட்டளை எழுதத் தெரியாத ஒரு சிறுவனும் படம் வரையத் தெரிந்தால் புத்தாடை தைத்துவிடலாம். அவ்வாறு ஆர்வலர்கள் வரைந்தவற்றுள் 65,000க்கும் மேற்பட்டவை இன்றும் இணையத்தில் ஒரு காட்சிச்சாலையாகப் பேணப்படுகின்றன.

ஆனால் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஆப்பிள் நிறுவனம் 1998இல் தன் மேக் 8.5க்கென ஆயத்தம் செய்த புதிய தோற்றங்களை, வெளியீட்டிற்கு முன்னரே விலக்கிக்கொண்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நீலம், பச்சை, வெள்ளி என மூன்று நிறங்களைத் தந்தது. மைக்ரோஸாஃப்ட்டின் ஒப்பமில்லாத பிற தோற்றங்களை ஏற்க மறுத்தது. 2012இன் விண்டோஸ் 8இல், பல்லாண்டு பழகிய பழைய சாம்பல்நிறத் தோற்றமும் மறைந்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, முழு உருவையும் மாற்றும் தீம்களைக் கைவிட்டது. நிறமும் பின்னணியும் மாற்றும் எளிய வகை மட்டும் எஞ்சிற்று.

இதற்குத் தக்க காரணங்களும் இல்லாமற் போகவில்லை. லினக்ஸின் க்னோம் சூழலுக்கு மென்பொருள் எழுதுவோர் சிலர், 2019இல் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். லினக்ஸைத் தொகுத்து வழங்குவோர் தோற்றத்தைத் தாமே மாற்றி அனுப்புவதால் தங்கள் மென்பொருள் சிதைந்து தெரிகிறது, பழியோ தங்கள் மீது விழுகிறது என்பது அவர்களின் முறையீடு. தனியொருவர் தம் கணிப்பொறியில் மாற்றிக்கொள்வதை அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. மேலும், கைப்பேசியும் இணையச் சேவைகளும் பெருகியபின், பல மென்பொருள்கள் எங்கோ இருக்கும் கணிப்பொறியிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வந்திறங்குகின்றன. படக்கட்டு நம் கையில் இல்லாதபோது ஆடையை மாற்றுவது எங்ஙனம்?

சீர்மையிலும் நன்மை உண்டு என்பதை மதரஸாவில் பயின்றோர் நன்கறிவர். திருமறையை மனனம் செய்யும் மாணவன் ஒரே அமைப்புள்ள பிரதியையே இறுதிவரை வைத்துக்கொள்கிறான். ஆயத்து வலப்பக்கத்தில் எத்தனையாவது வரியில் இருந்தது என்பதைக் கண் நினைவில் வைத்திருக்கும். பிரதி மாறினால் நாவும் தடுமாறும். பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று மென்பொருளார் கூறுவதிலும் இந்த நியாயம் உண்டு.

எனினும் ஒரு வேறுபாடு உளது. ஹாபிஸ் தம் பிரதியைத் தாமே தேர்கிறார். அதை எவரும் இரவோடிரவாக மாற்றி வைப்பதில்லை. மென்பொருளிலோ, நாம் மாற்ற முடியாததை நிறுவனம் தான் விரும்பியபோது மாற்றுகிறது. நேற்றுவரை பழகிய பொத்தான் இன்று வேறிடத்தில் இருக்க, மங்கிய கண்ணுடைய பெரியவர் பேரனை அழைக்க நேர்கிறது. இழந்தது வெறும் அலங்காரமன்று. பழகியதைப் பழகியபடியே வைத்துக்கொள்ளும் உரிமையும் அதனோடு சேர்ந்தே போயிற்று.

எஞ்சியுள்ளவை சில. 2018, 2019 ஆண்டுகளில் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் தந்த இருள்நிறத் தோற்றம் அவற்றுள் ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கலும் நிறவேறுபாட்டை மிகுத்தலும் அமைப்புகளுக்குள் இருக்கின்றன. லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா போன்றவை பழைய சுதந்திரத்தை இன்னும் பேணி வருகின்றன. இல்லத்திலுள்ள இளையோர் இவற்றை அறிந்து, தம் மூத்தோரின் கண்ணுக்கும் கைக்கும் இசையக் கருவியை அமைத்துத் தருவது ஒரு நற்பணி. வல்ல நாயன் அதற்குத் தவ்பீக் செய்வானாக.