மைக்ரோவேவ் அடுப்பும் உலோகத் தடையும்

மைக்ரோவேவ் அடுப்புக்குள் உலோகம் வைக்கக் கூடாது என்பது, அந்த அடுப்பைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த விதி. அடுப்பின் உட்சுவர்களோ முழுக்க உலோகம். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் துளைத் தகடும் உலோகம்தான். உலோகம் என்பதற்காகவே பொறி பறப்பதில்லை. அதன் வடிவமும் தடிமனும் இருக்கும் இடமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இது சமையலறைக்கும் உணவுத் தொழிலுக்கும் புரிபடப் பல ஆண்டுகள் ஆயின.

அடுப்பின் இதயமான, நுண்ணலையை (மைக்ரோவேவ்) உண்டாக்கும் மேக்னட்ரான் போர்க்காலக் கருவி. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் ரேடாருக்காக அதன் ஆற்றல்மிக்க வடிவத்தை இயக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ரேதியான் நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945 அக்டோபரில் காப்புரிமை கோரினார். 1947இல் வந்த 'ரேடாரேஞ்ச்' ஏறக்குறைய ஆளுயரம், 340 கிலோ எடை. அது பெரிய சமையற்கூடங்களுக்கான இயந்திரம். 1955இல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று கொண்டுவந்த அடுப்பின் விலை 1,295 டாலர், வாங்கியவர்கள் சொற்பம். 1967இல் அமானா நிறுவனம் மேடைமேல் வைக்கும் அடுப்பை 495 டாலருக்கு விற்றது. முள்கரண்டியும் அலுமினியத் தாளும் தங்க விளிம்புக் கோப்பையும் புழங்கும் சாதாரணச் சமையலறைக்குள் நுண்ணலை நுழைந்தது இப்படித்தான்.

அடுப்பின் நுண்ணலை நொடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. அதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. உலோகத்தின் மேல் அது படும்போது உள்ளிருக்கும் எலெக்ட்ரான்கள் அதே வேகத்தில் முன்னும் பின்னும் அலைகின்றன. அகன்ற, வழவழப்பான சுவரில் அந்த ஓட்டம் பரவிப்போய், அலை திரும்பிவிடும். கூர்முனையில் மின்னூட்டம் நெருக்கியடித்துக் கூடுகிறது. அங்கே மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், அதுதான் பொறி. முள்கரண்டியின் பற்களுக்கிடையே பொறி தாவுவதும், கசங்கிய தாளின் மடிப்புகள் எரிவதும் இதனால்தான். கூர்முனை இல்லாததால்தான் கோப்பையில் கிடக்கும் கரண்டி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் வேறு சிக்கல்: பொறி வராவிட்டாலும் சுவர் அலையை மறித்துவிடுவதால், மேலே திறந்த வாய் வழியாக மட்டுமே பாலுக்குச் சூடு போகும்.

இந்த உலோகத் தடையால் அதிகம் திண்டாடியது உறைந்த உணவுத் தொழில். 1950களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் பெயர்பெற்ற ஸ்வான்சன் சாப்பாடு, பள்ளம் பள்ளமாக அமைந்த அலுமினியத் தட்டில் வந்தது. 1971இல் நூற்றில் ஒரு வீட்டில் இருந்த மைக்ரோவேவ் 1980களில் ஏராளமான வீடுகளை எட்டியது. 1986இல் ஸ்வான்சனை நடத்திய கேம்பல் நிறுவனம் பிளாஸ்டிக் தட்டுக்கு மாறியது.

அதே காலத்தில் உலோகம் வேறு வேடத்தில் உள்ளே வந்தது. மைக்ரோவேவ் பாப்கார்ன் பையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியத்தை மிக மெல்லிதாகப் பூசித் தாளோடு ஒட்டியது அது. அவ்வளவு மெல்லிய பூச்சில் மின்னோட்டம் தடைபட்டு வெப்பமாக மாறுகிறது. 200 பாகை செல்சியஸைத் தாண்டி, சோளத்தைப் பொரிக்கிறது. உலோகத்தை அளந்து கையாளக் கற்றதன் அருமையான விளைவு இது.

உலோகமே இல்லாமலும் ஒளிப்பிழம்பு எழும். ஒட்டியிருக்கும் இரண்டு திராட்சைகளுக்கிடையே அது எழுவது பல ஆண்டுகளாகத் தெரிந்த வேடிக்கை. கனடாவின் டிரென்ட், கன்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அதற்கு விளக்கம் தந்தார்கள். நீருக்குள் நுண்ணலையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்குவதால், திராட்சை அளவுள்ள நீர்க்கோளம் அலையைத் தனக்குள் சிறைப்பிடிக்கிறது. இரண்டும் தொடும் இடத்தில் புலம் குவிந்து, சோடியம், பொட்டாசியம் அயனிகளைப் பிழம்பாக்குகிறது.

வீடுகளில் வழக்கமாகக் காண்பது இன்னும் எளிய கோளாறு. பல அடுப்புகளின் வலப்பக்க உட்சுவரில் அட்டை போன்ற பழுப்புத் தகடு இருக்கும். அது மைக்கா, மேக்னட்ரானிலிருந்து அலை வரும் வாயை மூடியிருப்பது. அதில் தெறித்த எண்ணெயும் குழம்பும் சூட்டில் கரியாகின்றன. கரி மின்சாரத்தைக் கடத்தும். அந்தப் புள்ளியில் பொறி பறந்து, தகடு ஓட்டையாகும். பொறி கண்டால் உடனே அடுப்பை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, தீ பிடித்திருந்தால் அணையும் வரை கதவைத் திறக்காமல் விட வேண்டும். கறை மட்டும் இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கருகி ஓட்டை விழுந்தால் அந்த அடுப்புக்கு உரிய புதுத் தகடு மாற்ற வேண்டும். தகடு இல்லாமல் ஓட்டக் கூடாது. சுவர்ப் பூச்சு உரிந்த இடத்திலிருந்து பொறி வந்தால் வேலை மெக்கானிக்குடையது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், வெளிக்கூட்டை வீட்டார் கழற்றுவது ஆபத்து.